ரிப்பனில் அறுபத்துமூன்று பேர்

9

பகல் ஒரு மணிக்குள் கலிஸ்தேனி தன் பாதிக் கம்பெனியைக் காப்பாற்றியாக வேண்டும். இல்லையென்றால் ஆயுளுக்கும் அதை மறந்துவிட வேண்டியதுதான். இப்போது மணி ஒன்பது ஐந்து. அந்தக் கலிஸ்தேனியோ லிமசோலில் வக்கீல் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரில் மிதந்த எலுமிச்சைத் துண்டை எடுத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சங்கூடச் சுளிக்கவில்லை.

எவகோரஸ் அதைக் கவனித்தார். கவனித்ததோடு சரி. துப்பறிய வருவதற்கு முன்னால் முப்பது வருஷம் கோர்ட்டுச் சம்மன் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். வாங்குகிறவர் அழுதாலும் திட்டினாலும் ஒரே குரலில் 'இங்க கையெழுத்து' என்று சொல்லிச் சொல்லி, உள்ளே ஏதோ மரத்துப் போயிருந்தது. மரத்துப் போனதில் அவருக்கு வருத்தம்கூட இல்லை.

"இன்னொரு தடவை சொல்றேன், கேட்டுக்குங்க" என்றாள் வக்கீல் ஸ்டவ்ரினி. "கீழ்க்கோர்ட்ல தோத்தாச்சு. அப்பீல்லயும் தோத்தாச்சு. மூணாவது கோர்ட்டுக்குப் போகணும்னா, முதல்ல உள்ள வரலாமான்னு அனுமதி கேக்கணும். யார் பக்கம் நியாயம்னு அவங்க பாக்க மாட்டாங்க. இதுவரைக்கும் எந்தக் கோர்ட்டும் பதில் சொல்லாத கேள்வி இருக்கா, அது உங்க வீட்டுக்கு மட்டும் வேணுமா, ஊருக்கே வேணுமா, இதைத்தான் பாப்பாங்க. இல்லேன்னா கதவைச் சாத்திடுவாங்க."

"எங்க வீட்டு ஓனர் மாதிரி" என்றாள் ரோதூலா. எவகோரஸின் உதவியாளர். நாற்பது வயது, பழைய டாக்ஸி டிரைவர். கார் அவளுடையது, வாயும் அவளுடையதுதான்.

வழக்கு ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. அப்பா ஹாஜிலூக்கா தன் எலுமிச்சை ஸ்குவாஷ் கம்பெனியை மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி என்று எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அண்ணன் ஒனிசிலோஸ், தங்கச்சி ஊரில் இல்லாத வாரமாகப் பார்த்துப் பங்குதாரர் கூட்டம் போட்டான். புதுப் பங்குகள் வெளியிட்டு எல்லாவற்றையும் தன் பேரிலேயே எடுத்துக்கொண்டான். பாதி, பத்தில் ஒன்றானது. முப்பது வருஷம் ஸ்குவாஷை நாக்கில் வைத்துப் பதம் சொன்னவளை, கேட்டில் வாட்ச்மேன் வழி மறித்தான். அந்தக் கூட்டம் செல்லும் என்று தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஸோலோன் தபாக்கிஸ். மனுஷர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்.

"நேத்து வரைக்கும் நம்மகிட்ட ஒண்ணும் இல்ல. இன்னைக்கு எவகோரஸ் ஒண்ணு வெச்சிருக்கார்" என்றாள் ஸ்டவ்ரினி.

எவகோரஸ் விசாரணைக் கட்டைப் பிரித்தார். "நாப்பத்தோராம் பக்கம். அண்ணன் சாட்சிக் கூண்டுல ஏறுறார். நீதிபதி குமாஸ்தாகிட்ட சொல்றார், 'வலது பக்கமா நின்னு கேளுங்க'ன்னு. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துலதான் டாக்டர் சர்ட்டிபிகேட் வருது, அண்ணனுக்கு இடது காது கேக்காதுன்னு."

"நடுவுல எழுபது பக்கம்" என்றாள் ரோதூலா. "நீதிபதிக்கு ஜோசியம் தெரியுமோ?"

"சின்ன வயசுல ஈஸ்டர் வெடி காது கிட்ட வெடிச்சுது" என்றாள் கலிஸ்தேனி. யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி இருந்தது.

நீதிபதிக்கு அண்ணனைத் தெரியும். ஆனால் எப்படி? ஒரே ஊர் இல்லை, ஒரே பள்ளிக்கூடம் இல்லை, பட்டாளத்தில்கூட வேறு வேறு முகாம். எவகோரஸ் இரண்டு நாள் அலைந்து ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்ததில் மிச்சம் நின்றது ஒன்றே ஒன்று. கல்யாணம்.

இந்தத் தீவில் மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் என்றால், பையனுக்குச் சினேகிதமே கிடையாதா என்று கேட்பார்கள். தோழர்களும் தோழிகளுமாக முப்பது, நாற்பது என்று மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்படி நின்றவன் கும்பாரோஸ், ஆயுளுக்கும் உறவு. கோவில் பதிவேட்டில் முதல் தோழன் பெயர் மட்டும்தான் ஏறும். மற்ற எல்லாரும் மணமக்களைச் சுற்றிப் பிடிக்கிற வெள்ளை ரிப்பனில் கையெழுத்துப் போடுவார்கள். ரிப்பன் மணப்பெண்ணின் பெட்டிக்குப் போய்விடும்.

எவகோரஸ் கல்யாணத்துக்குத் தோழன் ஒரே ஆள்தான், அதுவும் ஒரு பஸ் டிரைவர். சண்டை நேரத்தில் தீவின் வடக்கேயிருந்து பிள்ளை வயசில் அகதியாக வந்தவர், யார் ரிப்பனிலும் இவர் பெயர் இல்லை. துப்பறிகிற தொழிலுக்கு அது ரொம்ப வசதி.

"ரிப்பன்ல நீதிபதி பேர் இருந்தா போதுமா?" என்று கேட்டார்.

"ரெண்டு சிக்கல் இருக்கு" என்றாள் ஸ்டவ்ரினி. "உறவுக்காரன் நீதிபதியா உக்காரக் கூடாதுங்கறது பழைய சட்டம். 'இதுல புதுசா என்ன கேள்வி'ன்னு அவங்க கேட்டாலும் கேப்பாங்க. அதைவிடப் பெரிசு, உறவு தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்துட்டு, தோத்த பிறகு கத்தினா செல்லாது. சம்மதிச்சதா எடுத்துப்பாங்க. அதனால கலிஸ்தேனி, 'அவரை எனக்கு முன்ன பின்ன தெரியாது'ன்னு பதிவாளர் முன்னாடி சத்தியம் பண்ணணும். எழுதி வெச்சிருக்கேன். படிச்சீங்கள்ல?"

கலிஸ்தேனி எலுமிச்சைத் தோலைத் தட்டில் வைத்தாள். "படிச்சேன்" என்றாள்.

"நானும் இவங்களும் நிக்கோசியா கோர்ட்டுக்குக் கிளம்பறோம். நீங்க ரிப்பனோட வந்து சேருங்க. ஒரு மணிக்குப் பதிவாளர் ஹரித்தோஸ் ஜன்னலைச் சாத்திடுவார். ஒரு நிமிஷம் தாண்டினா அவங்க அம்மாவையே நாளைக்கு வாம்பார். நமக்குக் கெடு இன்னையோட முடியுது, நாளைங்கிறதே கிடையாது."

ஒனிசிலோஸின் வீடு ஊருக்கு வெளியே எலுமிச்சைத் தோப்புக்கு நடுவில் இருந்தது. கதவைத் திறந்தவள் அவன் மனைவி அந்தூலா. கையில் கத்தரிக்கோல், கண்ணில் சந்தேகம்.

ரோதூலா படியிலேயே ஆரம்பித்துவிட்டாள். "தொந்தரவுக்கு மன்னிக்கணும் அக்கா. என் தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம். தோழனும் தோழியுமா மொத்தம் அம்பத்தெட்டுப் பேரு. இந்தச் சுத்துவட்டாரத்துலயே ஜாஸ்தின்னு அழைப்பிதழ்ல போடலாம்னு பாக்கறோம். அதான் வீடு வீடா ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு வர்றோம். இங்க நாப்பதுக்குள்ளதான்னு காபிக்கடைல சொல்லிட்டாங்க. சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டுட்டுப் போலாம்னு…"

"காபிக்கடைல யாரு சொன்னது?" என்றாள் அந்தூலா.

"பேரு தெரியாது அக்கா. மீசை வெச்சிருந்தார்."

"எல்லாவனும்தான் மீசை வெச்சிருக்கான். இவரு யாரு?"

"இவரா? இவர் எண்ணுறவர்."

எவகோரஸ் தலையை அசைத்தார். எண்ணுகிறவர் போலத்தான் நின்றார்.

அந்தூலா உள்ளே போன வேகத்தைப் பார்த்தால் வீடு பற்றிக்கொண்டதோ என்று நினைக்கத் தோன்றும். திரும்பி வரும்போது கையில் துணிச் சுருள். சோபா, மேஜை, டிவி, மறுபடியும் சோபா என்று கூடம் முழுக்க ரிப்பன் ஓடியது. "எண்ணச் சொல்லுங்க அவரை" என்றாள். "ஒண்ணு விடாம எண்ணச் சொல்லுங்க."

எவகோரஸ் எண்ணினார். ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு படம் மொபைலில் எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் எல்லாரும் பேரை மட்டும் கிறுக்கியிருக்க, முப்பத்தெட்டாவது ஆள் முழுப் பெயரும் எழுதிக் கீழே ஒரு கோடும் இழுத்திருந்தான். ஸோலோன் தபாக்கிஸ். எவகோரஸ் அடுத்ததையும் பார்த்தார். விரல் ஒரு கணம் நின்றது, பிறகு நகர்ந்தது. குரல் மாறவில்லை. அறுபத்துமூன்றில் போய் முடித்தார்.

"அறுபத்திமூணு" என்றார்.

"அறுபத்திமூணு" என்றாள் அந்தூலாவும், தீர்ப்பு வாசிக்கிற மாதிரி. "போய் அந்த மீசைகிட்ட சொல்லுங்க. உக்காருங்க, பாகுல ஊறின வால்நட் சாப்பிட்டுப் போங்க. எங்க கம்பெனி ஸ்குவாஷ் ஒரு பாட்டில் தர்றேன், பொண்ணு வீட்டுக்கு." ஜெயித்த சந்தோஷத்தில் சமையலறைக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்து ஒனிசிலோஸ் உள்ளே வந்தான். பெரிய உடம்பு, தோட்டத்துச் செருப்பு. ரிப்பனையும் இரண்டு அந்நியர்களையும் மாறி மாறிப் பார்த்தான். எவகோரஸ் வாசல் பக்கம் பார்த்தார். ரோதூலா நிதானமாக எழுந்து அவனுடைய இடது பக்கமாகப் போய் நின்றாள்.

"உங்க தங்கச்சி கம்பெனியைத் திருப்பி வாங்கறதுக்காக வந்திருக்கோம், கும்பாரே" என்றாள், சிரித்த முகத்தோடு.

"சந்தோஷம், சந்தோஷம்" என்று கை குலுக்கினான் ஒனிசிலோஸ்.

கார் நெடுஞ்சாலையில் ஏறும்போது மணி பதினொன்று பத்து. ஸ்குவாஷ் பாட்டில் ரோதூலாவின் பைக்குள் கிடந்து உருண்டது.

"படிங்க மாஸ்டர், சும்மா காது குளிர. முதல்லேருந்து படிங்க."

எவகோரஸ் மொபைலைப் பார்த்துப் படித்தார். "ஒண்ணு, ரெண்டு புரியல. மூணு, லாக்கிஸ்… பதினாறு, தாசோஸ். பதினேழு, ஹரித்தோஸ். பதினெட்டு, மினாஸ்."

"சட்டுபுட்டுன்னு முப்பத்தெட்டுக்கு வாங்க."

"முப்பத்தெட்டு, ஸோலோன் தபாக்கிஸ்."

ரோதூலா ஹாரனை ஒருமுறை அடித்தாள். முன்னால் யாரும் இல்லை.

"முப்பத்தொன்பது, கலிஸ்தேனி" என்றார் எவகோரஸ்.

ரோதூலா ஹாரனை விட்டுக் கையை எடுத்தாள்.

"வேற கலிஸ்தேனியா இருக்கலாம்" என்றாள் ரோதூலா.

"வக்கீலுக்குப் போட்டுக் குடுத்த கையெழுத்தும் இதுவும் ஒண்ணு. மாப்பிள்ளையோட தங்கச்சி, தோழியா நிக்காம எங்க நிப்பா? ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல நின்னிருக்காங்க."

"அப்ப அந்தம்மாவுக்கு அந்த ஆளைத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் வழக்கு முழுக்கச் சொல்லல. இன்னைக்குத் தெரியாதுன்னு சத்தியம் பண்ணப் போறாங்க." ரோதூலா ஸ்டியரிங்கை விரலால் தட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "படத்தை முப்பத்தெட்டோட வெட்டிரலாம் மாஸ்டர். அவங்க வீட்டுக்குப் போய் ரிப்பனை இனிமே யாரும் பாக்கப் போறதில்ல. யாருக்கு நஷ்டம்?"

எவகோரஸ் மறுபடி படத்தைப் பார்த்தார். ஏமாந்ததற்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. பரிதாபம் வர வேண்டும், அதுவும் வரவில்லை. வெட்டுவதற்கு ஒரு விரல் போதும், பத்து விநாடி வேலை. அந்த விரல் படத்தின் மேல் இருந்தது. மொபைலை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

கோர்ட்டு வராந்தாவில் கலிஸ்தேனி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டைப் அடித்த வாக்குமூலம். மணி பன்னிரண்டு பதினேழு. ஸ்டவ்ரினி ஓடி வந்தாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது" என்றார் எவகோரஸ். கலிஸ்தேனியின் பக்கத்தில் உட்கார்ந்து படத்தை அவள் முன்னால் பிடித்தார். முப்பத்தெட்டும் முப்பத்தொன்பதும் தெரிந்தன.

அவள் நிறைய நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "தெரியும்" என்றாள். "முதல் நாளே தெரியும். கோவில்ல என் பக்கத்துலதான் நின்னார். மெழுகு என் கையில சொட்டிருச்சு, கைக்குட்டை எடுத்துக் குடுத்தார். கோர்ட்ல பாத்ததும் அவருக்கும் ஞாபகம் வந்துது. மூஞ்சியிலேயே தெரிஞ்சுது. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல."

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டார் எவகோரஸ்.

"அண்ணனுக்கு மட்டுமா கும்பாரோஸ்? எனக்கும்தானே. எங்க வீட்டுக் கல்யாணத்துல நின்னவர், எனக்குத் தப்புப் பண்ண மாட்டார்னு நினைச்சேன். அத்தனை பேர் நடுவுல 'நீங்க எந்திரிச்சுப் போங்க'ன்னு அவரைச் சொன்னா, எங்க ரிப்பனை நானே தெருவுல போட்ட மாதிரி. யாராவது சொல்லுவாங்களா? நீங்களே சொல்லுங்க." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "தீர்ப்பு படிக்கும்போது என் பக்கம் திரும்பவே இல்ல. அன்னைலேருந்து இந்தக் கை என் கை மாதிரி இல்ல. எதைத் தொட்டாலும் ஒண்ணுபோல இருக்கு. வாயில போட்டாலும் அப்படித்தான்."

ஸ்டவ்ரினியின் முகம் வெளுத்துவிட்டது. ரோதூலா தொண்டையைச் செருமினாள். "படத்தைக் கொஞ்சம் மேல…"

"நான் அதைக் கேக்கல" என்றாள் ஸ்டவ்ரினி. "கேட்டா நான் இங்கேயிருந்து போயிடணும்."

"வேணாம்" என்றாள் கலிஸ்தேனி. பேனாவை வாங்கி, 'அவரை எனக்கு முன்ன பின்ன தெரியாது' என்ற வரியை நேர்கோடாக அடித்தாள். மேலே எழுதினாள்: எனக்குத் தெரியும். மரியாதைக்காகச் சொல்லவில்லை. "அவர் பேசாம உக்காந்தார், நானும் பேசாம உக்காந்தேன். மறுபடியும் அதையே செய்யச் சொல்றீங்களா?"

"அப்ப முடிஞ்சுது" என்றாள் ஸ்டவ்ரினி, மெதுவாக. "தெரிஞ்சே சும்மா இருந்தா சம்மதம்னுதான் சட்டம்."

எவகோரஸ் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "முப்பது வருஷம் சம்மன் குடுத்தேன். 'நீதிபதி என் தம்பியோட கும்பாரோஸ், நான் எப்படி வாயைத் திறப்பேன்'னு வாசல்ல நின்னு எத்தனையோ பேர் என்கிட்ட புலம்பியிருக்காங்க. கையெழுத்து வாங்கிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன்."

"எத்தனை பேர்?" என்றாள் ஸ்டவ்ரினி.

"எண்ணல." அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்பல்லாம் நான் எண்ணுறவன் இல்ல."

ஸ்டவ்ரினி வாக்குமூலத்தைக் கையில் வாங்கினாள். அடித்திருந்த வரியை மறுபடி படித்தாள். பிறகு கலிஸ்தேனியின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். "இருங்க. ஒரு நிமிஷம் இருங்க. தெரிஞ்சு சும்மா இருந்தா சம்மதம், அது எங்கேயோ வெளியூர்ல எழுதின சட்டம். அங்க ஒரு கல்யாணத்துக்கு ஒரு தோழன். இங்க அறுபது பேர். இங்க சும்மா இருக்கறது சம்மதமா, மரியாதையா? இதை இதுவரைக்கும் எந்தக் கோர்ட்டும் கேட்டதில்ல. இது ஊருக்கே வேணுங்கிற கேள்வி." அவசரமாகப் பைக்குள் தாளைத் தேடினாள். "நீங்க தெரியாதுன்னு சத்தியம் பண்ணியிருந்தா நமக்குப் பழைய கேள்விதான் மிச்சம். எவகோரஸ், இப்பச் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"எங்க போடணும்?" என்றார் எவகோரஸ். கையெழுத்துப் போடுகிற பக்கம் நின்று அவர் அந்தக் கேள்வியைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"அறுபத்துமூவரும் காலை வாரப் பாத்தாங்க, முப்பத்தொன்பதாவது ஆளு காப்பாத்திருச்சு" என்று ரோதூலா முணுமுணுத்தபடி எல்லாருக்கும் முன்னால் ஜன்னலைப் பார்த்து நடந்தாள்.

ரிப்பன் படங்களை அச்செடுத்துச் சேர்த்து, பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்குக் கட்டு ஜன்னலுக்குள் போயிற்று. பதிவாளர் ஹரித்தோஸ் மெலிந்த மனுஷர், மூக்கு நுனியில் கண்ணாடி. சத்தியம் செய்ய வேத புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்தார். பக்கங்களைச் சரிபார்த்தார். இணைப்பில் இருந்த ரிப்பன் படங்களுக்கு வந்தார். விரலை வைத்துக்கொண்டே மேலிருந்து கீழே போனவர், நடுவில் நின்றார்.

கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"மன்னிக்கணும்மா" என்றார் கலிஸ்தேனியிடம். "இதை நான் வாங்கக் கூடாது. பதினேழாவது பேரு என்னுது."

"சார், மணி பன்னெண்டு அம்பத்திரண்டு" என்றாள் ஸ்டவ்ரினி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"தெரியும். அதனாலதான் இப்பவே எந்திரிக்கிறேன்." பக்கத்து அறைப் பக்கம் திரும்பினார். "எல்லி, இங்க வாம்மா. வந்து என் நாற்காலில உக்காரு. உனக்கு ஹாஜிலூக்கா வீட்ல யாரையாவது தெரியுமா? தெரியாதுல்ல? அப்ப உக்காரு, சீக்கிரம்." தன் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே போய் நின்றார். சின்னப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள்.

ரோதூலா அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

கலிஸ்தேனி புத்தகத்தின் மேல் கை வைத்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். முத்திரை விழுந்தது. பன்னிரண்டு ஐம்பத்தேழு. மூன்றாவது கோர்ட்டு கதவைத் திறக்குமா என்பது தெரிய மாசக்கணக்கு ஆகும், ஆனால் தட்டியாயிற்று.

அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. வெளியே காபி குடித்துக்கொண்டிருந்த ஹரித்தோஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள். "எந்திரிச்சுப் போறதுக்கு இவ்வளவு நேரம்தான் ஆகுமா?"

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, சத்தமில்லாமல், நிறைய. தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், மெழுகு சொட்டிய இடத்தைத் தேடுகிற மாதிரி. எவகோரஸுக்கு, மரத்துப் போன இடத்தில் ஏதோ வலித்தது. என்னவென்று அவருக்கு உடனே புரியவில்லை, அது வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

ரோதூலா வராந்தாக் குழாயில் தண்ணீர் பிடித்து, பைக்குள் இருந்த பாட்டிலைத் திறந்து கலந்து கொண்டுவந்தாள். "குடிங்க அக்கா. உங்க அண்ணி சீர் குடுத்தனுப்பிச்சது."

கலிஸ்தேனி ஒரு மிடறு குடித்தாள். முகம் சுருங்கிப்போயிற்று. இன்னொரு மிடறு வாயில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, நாக்கில் உருட்டி விழுங்கினாள்.

"சர்க்கரை ஜாஸ்தி. தோலைச் சேக்கறதையே நிறுத்திட்டான்" என்றாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கம்பெனிக்குள்ள போனதும் முதல் வேலை இதைச் சரி பண்றதுதான்."